ஒரு கைப்பிடி கோதுமை, ஒரு கப்பல் விலை: காலனிக் காலத் தானிய மாதிரிகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சமையலறையில் இது சரி. பானைக்கு ஒரே உலை, ஒரே தீ, ஒரே அரிசி. 1880களில் கராச்சித் துறைமுகத்தில் அடுக்கிக் கிடந்த கோதுமை மூட்டைகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு மூட்டைக்குள்ளேயே நாலு ஊர்க் கோதுமை இருக்கும். கொஞ்சம் பார்லி, கொஞ்சம் கடலை, கொஞ்சம் களத்து மண்ணும் இருக்கும். ஆனாலும் லண்டனில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கையில் எடுத்துப் பார்த்தது ஒரு கைப்பிடிதான். அதை வைத்தே கப்பல் முழுவதற்கும் விலை பேசினார்கள்.

அந்தக் கைப்பிடிகளில் சில இன்னும் இருக்கின்றன, அருங்காட்சியக அலமாரிகளில் கண்ணாடிக் குப்பிகளுக்குள்ளே, மங்கிப்போன சீட்டுகளோடு. வரலாறு படிக்கும் மாணவர்கள், மரபு விதை ஆர்வலர்கள், அந்தக் குப்பிகளைப் பார்த்துவிட்டு “இதைப் போய் எதற்கு வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டவர்கள், இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்லப்போவதில்லை. அது ஏகப்பட்ட தப்புகளின் வரிசை. கற்றுக்கொண்டிருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: காலம்

குப்பியைத் தொடுவதற்கு முன் சில ஆண்டுகள் மனதில் இருக்கட்டும். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போன கப்பலில் வெக்கையும் கூன்வண்டும் சேர்ந்து கோதுமையைப் பாதி தின்றுவிடும். 1873ல் கோதுமை மீதான ஏற்றுமதி வரி நீங்கியது. 1878ல் சிந்துப் பள்ளத்தாக்கு ரயில்பாதை முடிந்து பஞ்சாபும் கராச்சியும் இணைந்தன. 1892 முதல் செனாப் கால்வாய் மேற்குப் பஞ்சாபின் தரிசை விளைநிலமாக்கியது.

இதன் விளைவை ஏற்றுமதிக் கணக்கில் பார்க்கலாம். 1872-73ல் ஏறத்தாழ 20 ஆயிரம் டன் போன கோதுமை, 1881-82ல் ஏறத்தாழ 10 லட்சம் டன் ஆனது. ரஷ்யாவில் பஞ்சம் வந்து அங்கே ஏற்றுமதி தடைபட்ட 1891-92ல் 15 லட்சம் டன் போனது. 1904-05ல் 20 லட்சம் டன்னைத் தாண்டியது. உங்கள் கையில் இருக்கும் மாதிரி இந்த ஏற்றத்தில் எந்தப் படியில் எடுத்தது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1870இன் மாதிரியும் 1900இன் மாதிரியும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

முதல் படி: யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார்

இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். மாதிரி என்பது தானாக வயலிலிருந்து குப்பிக்குள் வந்து விழுந்ததில்லை. யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக அள்ளிக் கொடுத்தார். அந்தக் காரணத்தை வைத்து, உங்களுக்குக் கிடைக்கும் மாதிரிகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, அரசு கேட்டு வாங்கியது. லண்டனில், இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா அலுவலகத்தில் ‘இந்திய விளைபொருள்களின் அறிக்கையாளர்’ என்ற பதவியில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்று ஒருவர் இருந்தார். இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக 1866ல் வெளியிட்டவர். மான்செஸ்டர் நெசவு ஆலைக்காரர் இந்தியாவுக்கு வராமலேயே இங்கே எது விற்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். கோதுமைக்கும் அதே மூளைதான் வேலை செய்தது. மாவட்டங்களிலிருந்து மாதிரிகளைத் தருவித்து மதிப்பிட்டு 1879ல் அறிக்கை தந்தார். இந்த வகை மாதிரியைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கலெக்டர் கச்சேரியிலிருந்து “உங்கள் மாவட்டக் கோதுமையை அனுப்புங்கள்” என்று தாக்கீது வந்தால் தாசில்தார் என்ன அனுப்புவார்? இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பள்ளிக்கூடம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தக் கோதுமையும் இருக்கும்.

இரண்டு, வியாபாரி எடுத்தது. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி உருவினால் அதன் குழிவில் தானியம் வரும். நம் ஊர் அரிசி மண்டியில் இன்றும் பார்க்கலாம். கப்பலில் ஏற்றும்போதும், இறக்கும்போதும் இப்படி எடுத்து, வாங்குபவர் விற்பவர் இருவர் முத்திரையும் வைத்துப் பையைக் கட்டுவார்கள். 1878ல் அமைந்த லண்டன் தானிய வணிகச் சங்கம், இப்படி வந்த மாதிரிகளைக் கலந்து அந்தந்த மாதத்துக்கு ஒரு ‘நியாயமான சராசரித் தரம்’ வகுத்தது. ஒரு சரக்கு அந்தச் சராசரிக்குக் கீழே இருந்தால் விலையில் கழிவு. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு. இந்த மாதிரி அழகாக இருக்காது. ஆனால் உண்மைக்கு மிக நெருக்கமானது இதுதான், ஏனென்றால் எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், தகராறு தீர்ந்ததும் இதை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. அதனால் அருங்காட்சியகத்தில் முதல் வகைதான் அதிகம் கிடைக்கும்.

மூன்று, ஆய்வாளர் எடுத்தது. 1905 முதல் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆய்வு நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியேலும் கோதுமைகளைச் சேகரித்து, கதிர் கதிராகப் பிரித்து, வகைப்படுத்தினார்கள். இவை தூய்மையானவை, ஒரு குப்பியில் ஒரே இனம். சந்தையில் அப்படி ஒரு கோதுமை இருந்ததே இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: சீட்டைப் படிப்பது

குப்பியைவிடச் சீட்டு முக்கியம். சீட்டில்லாத மாதிரி, முகவரி இல்லாத கடிதம். சீட்டில் உள்ளதை அப்படியே, எழுத்துப்பிழையோடு, முதலில் படியெடுங்கள். ‘திருத்தி’ எழுதாதீர்கள். பழைய ஆங்கிலச் சீட்டில் கராச்சி, குர்ராச்சி என்பதுபோல இருக்கும். அந்தப் பழைய எழுத்துக்கூட்டலே காலத்தைச் சொல்லும் தடயம்.

புதியவர்களை விழவைக்கும் பள்ளங்கள் சில உண்டு.

‘கல்கத்தா கோதுமை’ கல்கத்தாவில் விளைந்ததில்லை. துறைமுகத்தின் பெயர் அது. கங்கைச் சமவெளியில் எங்கோ விளைந்து அங்கே கப்பலேறியது. பம்பாய், கராச்சி என்ற பெயர்களுக்கும் இதேதான்.

‘கிளப்’ என்று எழுதியிருந்தால் அது வணிகத் தரத்தின் பெயர்: முதலாம் எண் கிளப், இரண்டாம் எண் கிளப் என்பார்கள். தாவரவியலில் கிளப் கோதுமை என்று கட்டையான கதிருள்ள தனி இனம் ஒன்று உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பியவர்கள் நிறையப் பேர்.

‘பூசா’ என்றால் ஆண்டைப் பாருங்கள். 1934 பீகார் நிலநடுக்கத்தில் பூசா நிறுவனம் இடிந்து, 1936ல் டெல்லிக்கு இடம் மாறியது. டெல்லி வளாகத்தையும் இன்றுவரை பூசா என்றுதான் சொல்கிறார்கள். சீட்டில் உள்ள பூசா பீகாரா டெல்லியா என்பதை ஆண்டுதான் தீர்க்கும்.

கடைசியாக, நாட்டுப் பெயர்கள். ஷர்பதி, பிஸ்ஸி, கட்டியா, முண்டி, தாரா, கப்லி என்று வரும். இவற்றில் சில இனத்தைக் குறிக்கும், சில வெறும் குணத்தை. முண்டி என்றால் கதிரில் மீசை இல்லாதது, அவ்வளவுதான். கட்டியா பெரும்பாலும் டூரம் வகை, அதாவது ரவைக்கும் பாஸ்தாவுக்கும் ஆகும் கடினக் கோதுமை. தாரா என்றால் கலப்படச் சரக்கு. ஒரே பெயர் இரண்டு மாவட்டத்தில் இரண்டு கோதுமையாக இருக்கும். நம்மூரில் ‘சம்பா’ என்ற சொல் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் இது புரியும்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்குவது

அருங்காட்சியக மாதிரியில் பழகக் கூடாது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தாவர மாதிரிகளில் பாதரச உப்பும் ஆர்சனிக்கும் தடவும் வழக்கம் இருந்தது. ஆகவே கையுறை இல்லாமல் தொட வேண்டாம், முகர்ந்து பார்க்க வேண்டாம். தானிய வியாபாரிகள் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துக் கடினமா மென்மையா என்று சொல்வார்களே, அந்த வித்தையை அங்கே காட்டவே காட்டாதீர்கள்.

மளிகைக் கடைக்குப் போங்கள். மத்தியப் பிரதேச ஷர்பதி அரைக் கிலோ, ரேஷன் கோதுமை அரைக் கிலோ, சம்பா கோதுமை அரைக் கிலோ வாங்குங்கள். சம்பா கோதுமை என்று நாம் சொல்வது சரியாகப் பார்த்தால் எம்மர் இனம். வடக்கே கப்லி, கர்நாடகத்தில் ஜவே கோதி. ஆனால் கடையில் சம்பா என்ற பெயரில் விற்பதெல்லாம் எம்மர் ஆகிவிடாது. உமி நீக்காத எம்மர் கிடைத்தால் சந்தேகம் தீரும்: சாதாரணக் கோதுமை களத்தில் அடித்ததும் உமியை விட்டு உதிரும், எம்மர் உமியோடு ஒட்டிக்கொண்டே வரும், தனியாகக் குத்த வேண்டும்.

ஒரு கறுப்புத் துணியில் நூறு நூறு மணிகளைப் பரப்புங்கள். முதலில் வடிவம். ரொட்டிக்கோதுமை உப்பலாக, முட்டை வடிவில் இருக்கும். டூரம் நீளமாக, கூர்மையாக, தேன் நிறத்தில் இருக்கும். எம்மர் ஒல்லியாக, முதுகு வளைந்து, செம்மை கலந்து இருக்கும். பழைய பஞ்சாப், மத்திய இந்திய மாதிரிகளில் இன்னொன்றையும் காண்பீர்கள்: ஈயக்குண்டுபோல் உருண்டையான சின்ன மணி. அதுதான் இந்தியக் குட்டைக் கோதுமை. இங்கிலாந்தின் ரெடிங்கில் இருந்த தாவரவியலாளர் ஜான் பெர்சிவல் அதற்கு டிரிட்டிகம் ஸ்பீரோகாக்கம் என்று பெயர் வைத்தார். கோதுமை மூட்டையில் சிறுகல் என்று முதலில் நினைத்துவிடுவீர்கள்.

அடுத்து நிறமும் கடினமும். வணிகர்கள் இந்தியக் கோதுமையை இந்த இரண்டை வைத்தே நாலாகப் பிரித்தார்கள்: மென்மையான வெள்ளை, மென்மையான சிவப்பு, கடினமான வெள்ளை, கடினமான சிவப்பு. மணியைக் குறுக்கே பிளேடால் வெட்டுங்கள். உள்ளே கண்ணாடிபோல ஒளி ஊடுருவினால் கடினம்; சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் மென்மை. ஒரே மூட்டையில் இரண்டும் இருக்கும், ஒரே மணியில் பாதிப்பாதிகூட இருக்கும். எத்தனை எப்படி என்று எண்ணி எழுதுங்கள். ‘பெரும்பாலும் கடினம்’ என்று எழுதினால் அடுத்த வருடம் உங்கள் குறிப்பேடு உங்களுக்கே பயன்படாது.

இந்த நாலு பிரிவும் காசாக மாறிய இடம் மாவு ஆலை. 1880களின் தொடக்கத்தில் இந்தியா அலுவலகம், லண்டனில் மாவு ஆலை வைத்திருந்த மெக்டூகல் சகோதரர்களிடம் இந்த நாலு வகையையும் கொடுத்து, ஆங்கில, அமெரிக்க, ரஷ்ய, ஆஸ்திரேலிய, எகிப்தியக் கோதுமைகளோடு சேர்த்து அரைத்துச் சுட்டுப் பார்க்கச் சொன்னது. இந்தியக் கோதுமை எலும்பாகக் காய்ந்தது. கழுவும்போது நிறையத் தண்ணீர் குடித்தது. மாவும் கூடுதலாகக் கண்டது. ஈரமான ஆங்கிலக் கோதுமையோடு கலக்க அதைவிட நல்ல சரக்கு இல்லை. அதே பத்தாண்டில் கல் எந்திரங்கள் போய் உருளை ஆலைகள் வந்ததும் கடினமான மணியை அரைப்பது சுலபமானது. ஆனால் ரொட்டி உப்பி எழவேண்டிய ‘வலு’ இந்தியச் சரக்கில் குறைவு என்ற பெயர் லண்டனில் நிலைத்துவிட்டது. பிறகு பூசாவிலிருந்து ஹோவர்டு தம்பதியர் அனுப்பிய தூய இனங்களை ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கில மாவு ஆலை நிபுணர் சுட்டுப் பார்த்தபோது, கனடாவின் மனிடோபாக் கோதுமைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய வலுவுள்ளவை அவற்றில் இருந்தன. குறை விதையில் மட்டும் இல்லை, கலப்பிலும் இருந்தது. இங்கேதான் அடுத்த படி வருகிறது.

நான்காம் படி: குப்பையை எடை போடுவது

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே சுவையான வேலை இதுதான். 200 கிராம் கோதுமையை எடையிட்டு எடுத்து, ஐந்து கிண்ணங்களில் பிரியுங்கள்: நல்ல மணி, உடைந்ததும் சுருங்கியதும், வண்டு குடைந்தது, பிற தானியம், மண்ணும் கல்லும் தூசும். நல்ல மணியைத் தவிர மற்ற ஒவ்வொன்றையும் எடையிட்டு இரண்டால் வகுத்தால் விழுக்காடு வந்துவிடும். இந்தக் கழிவைத் தானிய வணிகத்தில் ரிஃப்ராக்‌ஷன் என்பார்கள். இன்றைய இந்திய உணவுக் கழகக் கொள்முதல் விதிகளிலும் இந்தச் சொல் இருக்கிறது.

கடைக் கோதுமையில் கழிவு அரை விழுக்காடு வந்தாலே வீட்டில் முணுமுணுப்பு கேட்கும். 1880களில் லண்டன் ஒப்பந்தமோ 5 விழுக்காடு வரை கழிவை ஏற்றது. இப்போது நீங்கள் கராச்சியில் ஏற்றுமதியாளர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 2 விழுக்காடு கழிவுள்ள சுத்தமான கோதுமை வந்துவிட்டது. மீதி 3 விழுக்காட்டை என்ன செய்வீர்கள்? மண்ணைக் கலந்து 5 ஆக்குவதுதான் லாபம். அப்படித்தான் நடந்தது. களத்தில் சாதாரணமாக ஒட்டும் தூசுக்கு மேலே, வேண்டுமென்றே கலந்தது அது.

கோதுமை அழுக்காக வந்ததற்கு ‘அழுக்கான இந்திய விவசாயி’தான் காரணம் என்று அன்றைய எழுத்துகள் பலவற்றில் படிப்பீர்கள். நம்பாதீர்கள். சுத்தமாகக் கொண்டுவந்த விவசாயிக்கு அதற்கென்று விலை கிடையாது. ஏனென்றால் ஆர்த்தியா என்ற கமிஷன் மண்டிக்காரர் எல்லார் சரக்கையும் ஒன்றாகக் கொட்டினார். ஏற்றுமதி நிறுவனம் சராசரிக்கு வாங்கியது. லண்டன் சராசரிக்குத் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சராசரியை எழுதியவர்கள் கையில்தான் மண்ணின் அளவும் இருந்தது. 1889ல் இதற்காகவே லண்டனில் இந்தியா அலுவலகத்தில் கூட்டம் கூட்டினார்கள். மாவு ஆலைக்காரர்கள் சுத்தமான சரக்கு வேண்டும் என்றார்கள். வணிகர்கள் பக்கம் பழைய ஒப்பந்தமே இருக்கட்டும் என்ற பிடிவாதம். 1907 வாக்கில்தான் மண் கூடவே கூடாது, பிற தானியம் 2 விழுக்காடு வரை என்ற அளவுக்கு ஒப்பந்தம் இறுகியது.

ஆகவே பழைய மாதிரியில் மண்ணைக் கண்டால் அதை ஊதித் தள்ளாதீர்கள். (அருங்காட்சியகத்தில் ஊதவே கூடாது, அது வேறு விஷயம்.) 1907க்கு முந்திய வணிக மாதிரி ஒன்று பளிச்சென்று சுத்தமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: யாரோ காட்சிக்காகப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். மண்ணும் களைவிதையும் எந்த வட்டாரத்துச் சரக்கு என்பதற்கும் சாட்சி. கோதுமையோடு கடலை கலந்திருந்தால் இரண்டையும் சேர்த்து விதைக்கும் பகுதி என்று தேடத் தொடங்கலாம்.

ஐந்தாம் படி: அளவும் விலையும்

பேனாவை எடுங்கள். இதில் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விலைப் பட்டியல் ஒன்றில் ஒரு வருடம் 16, பஞ்ச வருடத்தில் 8 என்று பார்த்துவிட்டு, ‘பஞ்சத்தில் விலை பாதியாகக் குறைந்தது விந்தை’ என்று ஒரு கட்டுரையில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தவர் ஒன்றும் பேசாமல் பட்டியலின் தலைப்பில் விரலை வைத்தார். ‘ரூபாய்க்கு எத்தனை சேர்’ என்று இருந்தது. எண் குறையக் குறைய விலை ஏறுகிறது. 16 சேர் என்றால் 40 சேர் கொண்ட ஒரு மணங்கு இரண்டரை ரூபாய். 8 சேர் என்றால் ஐந்து ரூபாய். ஆங்கிலேய அரசின் சில்லறை விலைப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்தத் தலைகீழ் முறையில்தான் இருக்கும்.

மணங்கு தமிழருக்கு இன்னொரு பொறி. சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ, 20 மணங்கு ஒரு கண்டி. பம்பாய் மணங்கு 28 பவுண்டு. கோதுமைக் கணக்குகளில் வரும் வடக்கத்தி மணங்கோ 40 சேர், 82 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, 37.3 கிலோ. நம் பாட்டன் கணக்கை அங்கே போட்டால் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

லண்டன் பக்கத்தில் ஹண்ட்ரட்வெயிட் என்பது நூறு பவுண்டு இல்லை, 112 பவுண்டு, 50.8 கிலோ. இருபது சேர்ந்தால் ஒரு டன், 1016 கிலோ. குவார்ட்டர் என்பது பொதுவாக 480 பவுண்டு. இந்தியக் கோதுமைக்கு மட்டும் 492 பவுண்டுக்கு விலை சொல்லும் வழக்கம் இருந்தது. இரண்டரை விழுக்காடு வித்தியாசம்தான், ஆனால் வணிகர்களின் லாபமே சில சமயம் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

விலையை ஒப்பிடும்போது நாணயத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு குவார்ட்டர் கோதுமையின் சராசரி விலை 1872ல் 57 ஷில்லிங். 1894ல் 22 ஷில்லிங் 10 பென்ஸ். பாதிக்கும் கீழே. அப்படியிருந்தும் இந்தியாவிலிருந்து கோதுமை போய்க்கொண்டே இருந்தது எப்படி? ரூபாய் வெள்ளி நாணயம். வெள்ளியின் விலை விழுந்ததால் 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1893 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. லண்டனில் ஷில்லிங் குறைந்தாலும் இங்கே ரூபாயில் அவ்வளவு குறையவில்லை. 1899ல் ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள்.

ஆண்டு எழுதும் முறையும் ஏமாற்றும். 1877-78 என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கோதுமை அறுவடை மார்ச், ஏப்ரலில்; எனவே அந்த ஆண்டுக் கப்பலில் போனது பெரும்பாலும் 1877 வசந்தத்தில் அறுத்தது. இந்த ஆண்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் மனிதர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அந்த ஆண்டில் இந்தியாவிலிருந்து வெளியேறிய கோதுமை ஏறத்தாழ 3 லட்சம் டன். கோதுமை விளைந்தது வடக்கே, பசித்தது தெற்கே, ரயில் இருந்தது. 1877 என்று சீட்டில் எழுதிய குப்பி கையில் வந்தால், பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: விதை எங்கே போனது என்று தொடர்வது

மாதிரியின் மதிப்பு விலையோடு முடிந்துவிடவில்லை. ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற பெயரைப் பாருங்கள். கடினமான, சிவப்பான, கல்கத்தாவில் கப்பலேறிய சரக்கு. வெறும் வணிகத் தரப் பெயர். அந்தச் சரக்கிலிருந்து கனடாவுக்குப் போன விதையை அங்கே ரெட் ஃபைஃப் என்ற இனத்தோடு சேர்த்தார்கள். அந்தக் கலப்பிலிருந்து கனடா அரசின் தானிய ஆய்வாளர் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த இனம் மார்க்விஸ். அவர் மணிகளை வாயில் போட்டு மென்று, பசைபோல் இழுபடுகிறதா என்று பார்த்தே வலுவுள்ளதைப் பொறுக்கினாராம். நம் மண்டிக்காரரின் பல் சோதனைக்கு அண்ணன் முறை. சீக்கிரம் விளைந்து உறைபனிக்கு முன்னால் தப்பித்ததால், 1920 வாக்கில் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் விளைந்த கோதுமையில் மிகப் பெரும்பகுதி மார்க்விஸ்தான். லண்டன் சந்தையில் கல்கத்தா சரக்கோடு போட்டியிட்ட கனடாக் கோதுமைக்குத் தாய்வழியோ தந்தைவழியோ கல்கத்தா சரக்கே.

ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். கோதுமை இனங்களைக் கலந்து புதியவை உருவாக்கிய வில்லியம் ஃபாரர் 1901ல் கொடுத்த ஃபெடரேஷன் கோதுமையின் முன்னோர்களில் ஒன்று எட்டாவா. உத்தரப் பிரதேசத்து எட்டாவாதான். கப்லியோ, கோதுமையைத் தாக்கும் பூஞ்சை நோயான துருநோயின் வகைகளைப் பிரித்தறியப் பயன்படும் சோதனைக் கோதுமைகளில் ஒன்றாக உலக ஆய்வகங்களில் இடம் பிடித்தது. தண்டுத் துருவை எதிர்க்கும் மரபணுக்களையும் தந்தது. இவற்றுக்கெல்லாம் யாரும் பஞ்சாபிலோ தக்காணத்திலோ யாருக்கும் ஒரு காசு கொடுத்ததாக எந்தக் கணக்கேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இதைத் தொடர, சீட்டில் உள்ள பெயரை இனங்களின் வம்சாவளிப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். பெயர் சிதைந்திருக்கும், காதால் கேட்டு எழுதிய பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் சில சமயம் பிடிபடும்.

ஏழாம் படி: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

லண்டனில் இருந்த இந்தியா மியூசியம் 1879ல் கலைந்தபோது அதன் தாவரப் பொருள்கள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. அங்கே பொருளாதாரத் தாவரச் சேகரிப்பில் ஒரு லட்சம் அளவுக்குப் பொருள்கள் உள்ளன. பட்டியலை இணையத்திலேயே தேடலாம். இந்தியாவில், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் தானியக் குப்பிகளைக் காணலாம். ஜார்ஜ் வாட் தொகுத்து 1889 முதல் வெளிவந்த இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில் கோதுமைக்கு ஒரு நீண்ட பகுதி உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல், இலவசமாகக் கிடைக்கும். மாவட்டப் பெயர், நாட்டுப் பெயர், கூட்டங்களின் குறிப்பு எல்லாம் அதிலேயே ஆரம்பியுங்கள். விலையும் பஞ்சமும் தேடுபவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வருவாய் வாரிய நடவடிக்கைகள் அங்கே உண்டு.

குப்பியில் உள்ள பழைய மணி முளைக்காது; சாதாரண அறையில் இருந்த கோதுமை சில பத்தாண்டுகளிலேயே உயிர்விட்டுவிடும். உயிரோடு பார்க்க வேண்டுமானால் வாட்கின்ஸ் சேகரிப்பைத் தேடுங்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர்தர் வாட்கின்ஸ் 1920களிலும் 30களிலும், பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் தொடர்புகளையே பயன்படுத்தி 32 நாடுகளிலிருந்து உள்ளூர்க் கோதுமைகளை வரவழைத்தார். சந்தைக் கோதுமைதான் பல. அவற்றில் 827 இனங்கள் மீண்டும் மீண்டும் விதைக்கப்பட்டு நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் இன்றும் வாழ்கின்றன. 2024ல் வெளியான மரபணு ஆய்வு, அவற்றில் உள்ள வேறுபாடுகளில் 60 விழுக்காடு அளவு நவீனக் கோதுமைகளில் பயன்படாமலே கிடக்கிறது என்று காட்டியது.

அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது ‘கோதுமை மாதிரிகள் பற்றித் தகவல் தேவை’ என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் வராது. பட்டியல் எண்ணைக் குறிப்பிடுங்கள். சீட்டின் இரு பக்கப் படம், மணிகளின் படம் அளவுகோலோடு, வந்து சேர்ந்த பதிவேட்டின் வரி, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பூச்சிமருந்து தடவிய விவரம் உண்டா என்று ஒரு வரி சேருங்கள். ஒரு மணியை வெட்டவோ மரபணுச் சோதனைக்கு எடுக்கவோ முதல் கடிதத்தில் கேட்க வேண்டாம்; அது மூன்றாவது கடிதத்தில்.

பதில் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதற்குள் அந்த 200 கிராமைப் பிரித்து முடித்துவிடுங்கள்.